டொராண்டோ குளிருக்கு எந்த டயர்: ஆல் வெதரா, தனி வின்டர் செட்டா?

ஒன்டாரியோவில் புதுக் கார் வாங்கினால் அதில் இருப்பது பெரும்பாலும் 'ஆல் சீசன்' டயர். பெயரைக் கேட்டால் பன்னிரண்டு மாதமும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1977இல் அமெரிக்காவில் குட்இயர் கொண்டுவந்த 'டியெம்போ' டயரோடு பரவிய பெயர் அது. வருடம் இரண்டு முறை டயர் மாற்றும் வேலை மிச்சம் என்பதுதான் அதன் கவர்ச்சி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான்: கோடையில் சீக்கிரம் தேயக் கூடாது, மழையில் வழுக்கக் கூடாது, கொஞ்சம் பனியிலும் ஓட வேண்டும். இந்த மூன்றில் கடைசிதான் அரைகுறையாகக் கிடைக்கிறது.

ஆகவே ஆல் சீசனை மட்டும் வைத்துக் கனடாவின் குளிர்காலத்தை ஓட்டுவதை இங்கே ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில். ஒன்று, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டும் 'ஆல் வெதர்' டயர். இன்னொன்று, கோடைக்கு ஒரு செட், குளிருக்குத் தனியாக ஒரு வின்டர் செட். எந்த பிராண்டு என்ற கேள்வியைவிட முக்கியமானவை இரண்டு: மோசமான நாளில் காரை வீட்டில் விட்டுவிட உங்களால் முடியுமா? டயரின் பள்ளத்தில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது?

பக்கச்சுவரில் இருக்கும் சின்னம்

ஆல் சீசனையும் ஆல் வெதரையும் பெயரை வைத்துப் பிரிப்பது கஷ்டம். கடைக்காரரே சில நேரம் மாற்றிச் சொல்வார். டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 'எம் ப்ளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது ஆல் சீசன். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எழுத்து. அதற்குப் பனியில் சோதனை எதுவும் கட்டாயமில்லை.

மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருந்தால், அந்த டயர் சோதனையில் தேறியது. ஆல் வெதர், வின்டர் இரண்டிலும் இந்தச் சின்னம் உண்டு. ஆனால் வட அமெரிக்காவில் அந்தச் சோதனை எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இறுகிய பனியில் டயர் எவ்வளவு நன்றாக உந்தி முன்னே போகிறது என்பதை ஒரு மாதிரி டயரோடு ஒப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும், வளைவில் தாங்குமா, பனிக்கட்டியில் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி மதிப்பெண் மாதிரி: 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் ஒரே சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். ஒரே சின்னம் போட்ட ஆல் வெதருக்கும் நல்ல வின்டர் டயருக்கும் பனிக்கட்டியில் பெரிய இடைவெளி இருப்பது இதனால்தான்.

7 டிகிரி பேச்சு

'7 டிகிரிக்குக் கீழே போனால் ஆல் சீசன் ரப்பர் இறுகிவிடும்' என்று ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லாக் கடையிலும் கேட்கலாம். சரியான பேச்சுதான், ஆனால் அது சுவிட்ச் இல்லை. 6 டிகிரியில் உலர்ந்த சாலையில் நல்ல ஆல் சீசன் தாராளமாக நிற்கும். வெப்பம் குறையக் குறைய ரப்பர் விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமர முடியாமல் போகிறது. வின்டர் டயரின் கலவையில் சிலிக்கா அதிகம். மைனஸ் 20இலும் அது வளைந்து கொடுக்கும். அதே மென்மைதான் ஜூலையில் அதற்கு எமன். 30 டிகிரி வெயிலில் வின்டர் டயர் கொழகொழவென்று நெளியும், பிரேக் தூரம் கூடும், பென்சில் ரப்பர் மாதிரி தேயும். 'இந்த வருஷம் தேய்த்து முடித்துவிடலாம்' என்று வின்டர் டயரைக் கோடையிலும் ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

வின்டர் டயர் எதில் ஜெயிக்கிறது

பனியில் பிடிப்பு வருவது பனியாலேயே. டயரின் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்களுக்கு இடையில் பனி அடைத்து இறுகி, அந்தப் பனி சாலைப் பனியோடு ஒட்டிக்கொள்கிறது. பனி உருண்டை பிடிக்கும்போது கையில் நடப்பதே இங்கும். அதற்கு ஆழமான பள்ளம் வேண்டும். ஒவ்வொரு பட்டன் மேலும் மயிரிழை அளவில் வெட்டியிருக்கும் கீறல்கள் பனியில் சிறு சிறு விளிம்புகளாகக் கடிக்கும். இவ்வளவும் ஆல் வெதரிலும் உண்டு, அளவுதான் குறைவு. புதுப் பனி 5 செ.மீ. விழுந்த தெருவில் மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ், நோக்கியன் டபிள்யூஆர் போன்ற நல்ல ஆல் வெதர்கள் உங்களை ஏமாற்றாது.

இரண்டும் பிரிவது பனிக்கட்டியில். அதிலும் எந்தப் பனிக்கட்டி என்று பார்க்க வேண்டும். மைனஸ் 20இல் பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்பாகத்தான் இருக்கும். பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே, மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் அது எண்ணெய் தடவிய கண்ணாடி ஆகிறது. டொராண்டோவின் குளிர்காலம் பெரும்பாலும் அந்த எல்லையிலேயே ஊசலாடும்: பகலில் உருகி, இரவில் உறைந்து, விடியற்காலையில் பாலங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸ். வின்டர் டயரின் நுண்துளை ரப்பரும் கீறல்களும் அந்த நீர்ப்படலத்தை உறிஞ்சவும் துடைக்கவும் செய்யப்பட்டவை. பிரிஜ்ஸ்டோன் ப்ளிஸாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர்5, கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட் எல்லாம் இந்த வகை. உலகின் முதல் வின்டர் டயரை 1934இல் செய்தது பின்லாந்தின் நோக்கியன். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு வழியும் இருந்திருக்காது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். 50 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்துகிறீர்கள். உலர்ந்த சாலையில் உராய்வு எண் 0.7 என்றால் 14 மீட்டரில் கார் நிற்கும். பனிக்கட்டியில் ஒரு டயருக்கு 0.10, இன்னொன்றுக்கு 0.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 0.05தான். முதல் கார் நிற்க 98 மீட்டர், இரண்டாவதற்கு 66 மீட்டர். இரண்டாவது கார் நின்ற அதே இடத்தில் முதல் கார் இன்னும் 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கணக்கில் சில்லறை மாதிரி தெரிகிற வித்தியாசம், பம்பருக்கு அப்படித் தெரியாது.

வின்டர் டயர் தோற்கும் இடமும் உண்டு; அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பிளஸ் 5 டிகிரி, மழை, 401 நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகம். டொராண்டோ டிசம்பரில் இது அன்றாடக் காட்சி. பனிக்கட்டிக்கென்றே செய்த மென்மையான வின்டர் டயர் இந்த ஈரச் சாலையில் நல்ல ஆல் வெதரைவிடத் தாமதமாகவே நிற்கும். உப்பு தூவிக் கழுவி வைத்த பிரதான சாலையில் மட்டும் ஓடுகிறவர் குளிர்கால நாட்களில் பெரும்பகுதியை இந்த ஈரத்தில்தான் கழிக்கிறார். ஆல் வெதருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுவே, சோம்பல் அல்ல.

ஆல் வெதரின் ஒளிந்திருக்கும் செலவு

ஆல் வெதர் வாங்குபவர்கள் தவறுவது இங்கே. புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. சட்டப்படி 1.5 மி.மீ. வரை ஒன்டாரியோவில் ஓட்டலாம். ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரைப் பனிச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்பதே கனடியப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை. பனி அடைய இடமில்லை. மயிரிழைக் கீறல்களும் அதற்குள் ஆழம் குறைந்து மறையத் தொடங்கியிருக்கும். பக்கச்சுவரில் மலைச் சின்னம் மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கும்.

அதாவது 8இலிருந்து 4 வரைதான் அது வின்டர் டயர். அதற்கப்புறம் அது வெறும் ஆல் சீசன். 95,000 கி.மீ. உத்தரவாதம் போட்ட ஆல் வெதரில் பனிக்கு உதவுவது ஏறக்குறைய முதல் 60,000 கி.மீ. வருடம் 20,000 கி.மீ. ஓட்டினால் மூன்று குளிர்காலம். நான்காவது நவம்பரில் டயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், கடைக்காரர்கூட 'இன்னும் ஒரு வருஷம் ஓடும்' என்பார். ஓடும், நிற்குமா என்பதுதான் கேள்வி.

அளவுகோல் இல்லையென்றால் இரண்டு டாலர் டூனி நாணயம் போதும். பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். ரப்பர் கரடியின் பாதம் வரை மறைத்தால் டயர் புதிது போலத்தான். வெள்ளி வளையத்தின் பாதியில் நின்றால் பாதி தேய்ந்தது. ஓரத்து எழுத்துகளை மட்டும் தொட்டால் மாற்ற வேண்டிய நேரம் கடந்துகொண்டிருக்கிறது. டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் பாருங்கள். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) போன காரில் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கும், நின்று பார்த்தால் தெரியாது.

இதிலிருந்து ஒரு சின்ன உத்தி: ஆல் வெதரை வசந்தத்தில் வாங்காதீர்கள், அக்டோபரில் வாங்குங்கள். முழு ஆழத்தோடு முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும். கடைசிக் காலத்திலும் 4 மி.மீ.க்கு வந்த டயரைக் கோடை முழுக்க ஓட்டித் தேய்த்துவிட்டு, அடுத்த அக்டோபரில் மாற்றலாம்.

டாலர் கணக்கு

விலை கடைக்குக் கடை, அளவுக்கு அளவு மாறும். ஒப்பிடுவதற்காக மட்டும் சில உத்தேச எண்களை எடுத்துக்கொள்வோம், வரி சேர்க்காமல்: ஆல் வெதர் ஒன்று 200 டாலர், ஆல் சீசன் 160, வின்டர் 180, இரும்பு ரிம் 90. ஒரு செட்டை ரிம்மில் ஏற்றி பேலன்ஸ் செய்ய 100, சீசனுக்கு ஒரு முறை சக்கரம் மாற்ற 80. ஆறு வருடம், வருடம் 18,000 கி.மீ.

ஆல் வெதர் மட்டும் என்றால் மொத்தம் 1,08,000 கி.மீ.க்கு இரண்டு செட் வேண்டும்: 1,600 டாலரும் ஏற்றுக்கூலி 200உம், ஆக 1,800. இரண்டு செட் வழியில் ஆல் சீசன் 640, வின்டர் 720, ரிம் 360, ஏற்றுக்கூலி 200, ஆறு வருடத்துக்குப் பன்னிரண்டு முறை மாற்ற 960, ஆக 2,880. வருடத்துக்கு 180 டாலர் வித்தியாசம். சக்கரத்தை நீங்களே மாற்றினால் 960 போய், நல்ல ஜாக்கும், நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரென்ச்சும் வாங்க 200 சேரும். அப்போது வித்தியாசம் வருடத்துக்கு 55 டாலர்கூட இல்லை. காரோடு வந்த ஆல் சீசனே நல்ல நிலையில் இருந்தால் அந்த 640உம் இப்போதைக்கு மிச்சம். இரண்டு வழியும் சமமாகிவிடும், சில நேரம் வின்டர் செட் மலிவாகவே முடியும்.

ஸ்கார்பரோ அடுக்குமாடியில் இருபதாவது மாடியில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நான்கு சக்கரங்களை எங்கே வைப்பது? பால்கனியில் வைக்கக் கட்டட நிர்வாகம் விடாது. கடையில் வைக்க வாடகை. அங்கே ஆல் வெதர் மறுபடி முன்னுக்கு வருகிறது.

ரிம் வாங்காமல் ஒரே ரிம்மில் வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் வழி ஒன்று உண்டு. வேண்டாம். ஒவ்வொரு முறையும் டயரின் விளிம்பு நெம்பப்பட்டுப் பலவீனமாகிறது, கூலியும் அதிகம், ரிம்மும் கீறப்படும்.

காப்பீட்டையும் கேளுங்கள். ஒன்டாரியோவில் 2016 ஜனவரி 1 முதல் வின்டர் டயருக்கு எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் தள்ளுபடி தர வேண்டும். மலைச் சின்னம் உள்ள ஆல் வெதரும் கணக்கில் வருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். வாங்குவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எந்த ஊர், என்ன வேலை

டொராண்டோவில் ஒரு குளிர்காலத்துக்கு விழும் பனி சுமார் 110 செ.மீ.; ஆட்டவாவிலும் மொன்றியலிலும் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பாரி பக்கம் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் ஏரிப்பனி, நெடுஞ்சாலை 400இல் பத்து நிமிடத்தில் கண்ணை மறைத்துவிடும்.

மார்க்கம், ஏஜாக்ஸ், மிசிசாகா என்று உப்பு தூவிய சாலைகளில் ஓடி, வருடம் 15,000 கி.மீ.க்கு மேல் போகாமல், பனிப்புயல் அறிவித்தால் வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்தவருக்கு ஆல் வெதர் போதும். அதிகாலை 5 மணிக்கு, உப்பு வண்டி வருவதற்கு முன்பே தெருவில் இறங்க வேண்டிய மருத்துவமனை ஊழியர், தொழிற்சாலை ஷிப்ட்காரர், டாக்சி, டெலிவரி ஓட்டுபவர்களுக்குத் தனி வின்டர் செட். அவர்களுக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. பாரிக்கு வடக்கே, ஆட்டவா, சட்பரி, மொன்றியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், வின்டர் செட்.

கியூபெக்கில் இது சட்டம். அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் உள்ள டயர் கட்டாயம். ஆல் வெதரும் ஏற்கும். ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு சொந்தக்காரர் வீட்டுக்கு மொன்றியல் போகிறவரைச் சட்டம் பிடிக்காது, சாலை பிடிக்கும்.

வாங்கும்போது நடக்கும் தவறுகள்

முன் சக்கரம்தானே இழுக்கிறது, இரண்டு போதும் என்று முன்னால் மட்டும் வின்டர் போடுவது முதல் தவறு. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் பிரேக்கைத் தொட்டால் கார் பம்பரமாகச் சுழலும். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களின் மிதப்பு இரண்டாவது. அது புறப்பட உதவும்; நிற்க உதவாது, பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்தில்தான். மேலும் ஆல் வீல் டிரைவில் நான்கு டயரின் சுற்றளவும் ஒத்திருக்க வேண்டும். சுபாரு அனுமதிக்கும் வித்தியாசம் கால் அங்குலம் மட்டுமே. ஒரு டயர் வெடித்தால் சில நேரம் நான்கையும் மாற்ற நேர்வது இதனால்தான்.

பெரிய ரிம் கார்களுக்குக் குளிர்காலத்தில் சின்ன ரிம் நல்லது. 225/40 ஆர் 18 (225 மி.மீ. அகலம், அதில் 40 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்) டயரின் வெளிவிட்டம் 637 மி.மீ.; 205/55 ஆர் 16இன் விட்டம் 632. வேகமானியில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பக்கச்சுவர் 90 மி.மீ.யிலிருந்து 113 ஆகிறது, மார்ச் மாதக் குழிகளில் ரிம் தப்பும், விலையும் குறையும். 16 அங்குல ரிம் உங்கள் பிரேக் காலிப்பரைத் தொடாமல் அமர்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். வேகக் குறியீடு வின்டர் டயரில் ஒரு படி குறைந்தால் பரவாயில்லை. சுமைக் குறியீடு கதவோர ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது: 91 என்றால் டயருக்கு 615 கிலோ. மின்சாரக் கார்கள் கனமானவை, அவற்றில் இதை இன்னும் கறாராகப் பாருங்கள்.

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் டயரின் பிறந்த தேதி. 3823 என்றால் 2023ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். மலிவு விலையில் தரும் 'புது' டயர் நான்கு வருடம் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். பழைய வின்டர் டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் பதியாது. ப்ளிஸாக்கின் சில மாடல்களில் நுண்துளை ரப்பர் மேல்பகுதியில் மட்டும்தான், அடியில் சாதாரண வின்டர் ரப்பர். பாதி தேய்ந்ததைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நீங்கள் வாங்குவது அந்த அடிப்பகுதியை.

காற்று அழுத்த எச்சரிக்கை சென்சார் கனடாவில் சட்டக் கட்டாயம் இல்லை. வின்டர் ரிம்மில் போடாவிட்டால் குளிர்காலம் முழுக்க டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கோடு வாழப் பழகினால் காற்று இறங்கியதும் தெரியாது. ஏறத்தாழ 5.6 டிகிரி குளிர்ந்தால் 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி இருக்கும் கராஜில் 33 பிடித்துவிட்டு மைனஸ் 15இல் வெளியே நிறுத்தினால் 27தான் இருக்கும். அதனால் வெளியே, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளந்து பிடியுங்கள்.

மாட்டும்போது சக்கரம் அமரும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். உப்பும் துருவும் சேர்ந்து ரிம்மை ஹப்போடு ஒட்டிவிடும். ஏப்ரலில் உதைத்தாலும் வராது. ஹப் முகத்தில் ஆன்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் களிம்பு) மெல்லியதாகப் பூசலாம், போல்ட் மரையில் வேண்டாம், முறுக்கு அளவு தப்பாகிவிடும். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் பக்கம். இடம் வலம் மாறிப்போனால் சேறும் தண்ணீரும் வெளியே போகாமல் உள்ளே வரும். நட்டுகளை நட்சத்திர வரிசையில், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஹோண்டா சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டா கொரோலாவுக்கு 103. 80, 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கடையில் மாட்டினாலும் இதற்காகத் திரும்பப் போங்கள், பெரும்பாலான இடங்களில் காசு கேட்க மாட்டார்கள்.